சாவி யார் கையில்: விளையாட்டு செய்யும் கருவிகளும் ஓசூரின் இயந்திரப் பலகையும்

தமிழ்நாட்டில் 'கேம்' என்ற சொல் பொதுவெளியில் மூன்று விதமாகத்தான் பேசப்படுகிறது. முதலாவது சூது. 2022 அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய இணையவழிச் சூதாட்டத் தடை மசோதா, ஆளுநரால் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பப்பட்டு, அதே மாதம் மறுபடி நிறைவேறி, ஏப்ரலில் சட்டமாகி, நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தால் அந்தப் பகுதி மட்டும் நீக்கப்பட்டு, கடைசியில் 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒன்றிய அரசே தடைச்சட்டம் கொண்டுவந்த கதை நமக்குத் தெரியும். இரண்டாவது, போதை: பிள்ளைகள் செல்போனை விடமாட்டேன் என்கிறார்கள். மூன்றாவது, வேலைவாய்ப்பு: அனிமேஷன், கேமிங் துறைகளில் எதிர்காலம் இருக்கிறது. இந்த மூன்று சொல்லாடல்களிலும் தமிழர் ஒன்று ஆடுகிறவராக இருக்கிறார், அல்லது கூலிக்கு வேலை செய்கிறவராக இருக்கிறார். தனக்குத் தோன்றிய விளையாட்டைத் தானே செய்து பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுக்கிறவராக எங்கேயும் இல்லை.

அப்படிச் செய்வதற்கான கருவிகள் இல்லாமல் இல்லை. ஐம்பதாண்டுகளுக்கும் மேலாக வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்று வரும்போதும் "இனி யார் வேண்டுமானாலும் செய்யலாம்" என்ற அறிவிப்பும் கூடவே வருகிறது. இப்போதும் ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம்: வாயால் சொன்னால் போதும், விளையாட்டு தயாராகிவிடும் என்கிற வகைக் கருவி. வரப்போவது எப்படி இருக்கும், அதன் முகப்பு நம்மை யாராக நினைத்துப் பேசும் என்பதை யோசிக்க நான் எடுத்துக்கொள்ளும் இடம் ஓசூர். பெங்களூரில் இருந்து 40 கிலோமீட்டரில், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டியதும் வருகிற ஊர். விளையாட்டு செய்கிற ஊர் அல்ல. ஆனால் 'முகப்பு' என்றால் என்ன, அதில் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியைத் தினமும் மூன்று ஷிப்டும் சந்திக்கிற ஊர்.

*

1970களில் சிப்காட் வந்தது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும், பிறகு டைட்டனும் வந்தன. இந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. 'ஜாப் ஒர்க்' என்ற சொல்லின் பொருளை ஓசூரில் யாரும் விளக்க வேண்டியதில்லை. வரைபடம் அங்கிருந்து வரும், உலோகம் அங்கிருந்து வரும், அளவு அங்கிருந்து வரும். நாம் கடைந்து, துளைபோட்டு, எண்ணிக் கொடுக்க வேண்டும். வண்டி முழுசாக எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளும் அவசியமே அதைக் கடைகிறவருக்குக் கிடையாது.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் விளையாட்டுத் தொழிலும் இதே தர்க்கத்தில்தான் வளர்ந்தது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். இந்தியாவின் முதல் விளையாட்டு நிறுவனம் என்று சொல்லப்படும் துருவா இண்டராக்டிவ் 1997இல் பெங்களூரில் தொடங்கியது. அதன் பிழைப்பு பெரும்பகுதி வெளிநாட்டு விளையாட்டுகளுக்குப் படக்கூறுகள் செய்து கொடுப்பதில் இருந்தது. கார், கட்டடம், மரம், தெருவிளக்கு என்று துண்டுதுண்டாக. ஃபோர்சா போன்ற கார்ப்பந்தய விளையாட்டுகளுக்கும் அங்கே வேலை நடந்தது. 2017இல் ஒரு ஸ்வீடன் நிறுவனம் அதை வாங்கியது, 2019இல் ராக்ஸ்டார் கேம்ஸ் கைக்கு மாறியது. ஆக, ஓசூரில் நிஜ வண்டிக்குப் பாகம் செய்தார்கள், பெங்களூரில் பொய் வண்டிக்குப் பாகம் செய்தார்கள். சம்பளத்திலும் ஏசியிலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வரைபடம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இரண்டு இடத்திலும் ஒரே பதில்தான். கர்நாடக அரசு 2012லேயே இந்தத் துறைக்கென்று தனிக் கொள்கை வகுத்து, 2024இல் அதைப் புதுப்பித்தும் இருக்கிறது. துறை வளரும். அது செய்கிறவர்களை வளர்க்குமா, பாகம் கடைகிறவர்களை வளர்க்குமா என்பது கருவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

*

இப்போது பட்டறைக்குள் போவோம். சிஎன்சி இயந்திரத்தின் முன்பலகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் பொத்தான்களுக்கு நடுவே ஒரு சின்னச் சாவித் துவாரம் இருக்கும். நிரலைப் பாதுகாக்கும் சாவி அது. சாவியைத் திருப்பிவிட்டால் திரையில் நிரல் ஓடுவதைப் பார்க்கலாம், திருத்த முடியாது. ஆபரேட்டர் துண்டை மாட்டுவார், 'சைக்கிள் ஸ்டார்ட்' அமுக்குவார், துண்டைக் கழற்றுவார். வெட்டுமுனை தேய்ந்தால் அதற்குரிய அளவைச் செட்டர் வந்து மாற்றுவார். நிரலை மாற்ற புரோகிராமர் வர வேண்டும். ஒரே இயந்திரம், ஒரே திரை. ஆனால் அதன் முன்னால் நிற்கிற மூன்று பேருக்கு அது மூன்று வேறு பொருள்கள். முகப்பு என்பது வெறும் அழகு விஷயம் அல்ல, வேலைப் பிரிவினையின் வரைபடம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தச் சாவி இயற்கையாக வந்ததல்ல. டேவிட் நோபிள் 1984இல் எழுதிய 'உற்பத்தியின் சக்திகள்' என்ற நூல் இதன் வரலாற்றைச் சொல்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் இயந்திரங்களைத் தானியங்கியாக்க இரண்டு வழிகள் போட்டியிட்டன. ஒன்று 'பதிவுசெய்து திருப்பி ஓட்டுவது'. கைதேர்ந்த தொழிலாளி முதல் துண்டைத் தன் கையால் கடைவார், இயந்திரம் அந்த அசைவுகளை நாடாவில் பதிந்துகொண்டு அடுத்த துண்டுகளைத் தானே கடையும். அறிவு தொழிலாளியின் கையில் இருந்து இயந்திரத்துக்குப் போகும், நிரலெழுதுகிறவர் அவரேதான். இரண்டாவது 'எண்வழிக் கட்டுப்பாடு'. அலுவலகத்தில் உட்கார்ந்த பொறியாளர் வரைபடத்தை எண்களாக மாற்றி நாடாவில் எழுதி அனுப்புவார். இரண்டாவது வழிதான் ஜெயித்தது. அதை வளர்த்தெடுத்தது அமெரிக்க விமானப்படையின் பணமும் எம்ஐடியின் ஆய்வகமும். முதல் வழி தொழில்நுட்பரீதியாகத் தோற்றுவிடவில்லை. கடைசலறையின் மேல் நிர்வாகத்துக்குப் பிடி வேண்டும் என்ற விருப்பமும் தேர்வில் சேர்ந்தே இருந்தது என்பது நோபிளின் வாதம். இதை அப்படியே ஏற்காத வரலாற்றாசிரியர்களும் உண்டு. ஆனால் 'எளிமையான கருவி' என்று எதையாவது நம்மிடம் நீட்டும்போது, யாருக்கு எளிமை என்று கேட்கிற பழக்கம் அந்த நூலைப் படித்தால் ஒட்டிக்கொள்ளும்.

அதே எம்ஐடியோடு தொடர்புடையதுதான் நேர்மாறான இன்னொரு மரபும். 1967இல் சீமோர் பாப்பெர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபூர்ஸைக் ஆகியோர் குழந்தைகளுக்கென்று உருவாக்கிய லோகோ மொழி. ஜெனீவாவில் பியாஜேயுடன் வேலை செய்துவிட்டு வந்தவர் பாப்பெர்ட். கணினி குழந்தையை நிரல்படுத்தக் கூடாது, குழந்தைதான் கணினியை நிரல்படுத்த வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அந்த மரபின் வாரிசுதான் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழு 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும், பொருந்துகிறவை மட்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், எழுத்துப்பிழை என்ற பேச்சுக்கே இடமில்லை. 2013இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒரு பொத்தானை வைத்தார்கள்: 'உள்ளே பார்'. உலகத்தில் யார் செய்து பகிர்ந்த விளையாட்டாக இருந்தாலும் அதை அமுக்கினால் அதன் கட்டைகள் முழுவதும் விரியும். மாற்றலாம், உங்கள் பெயரில் மறுபடி வெளியிடலாம், மூலம் யாருடையது என்ற குறிப்பு தானாகவே நிற்கும்.

சாவித் துவாரம் ஒரு பக்கம், 'உள்ளே பார்' பொத்தான் இன்னொரு பக்கம். முகப்பு வடிவமைப்பின் அரசியலை இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பேசிவிடலாம்.

*

இந்த 'உள்ளே பார்' ஓசூர், கிருஷ்ணகிரி அரசுப்பள்ளி மாணவருக்கு எப்படிக் கிடைத்தது? 2019இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் கடைசிப் பாடம், 23ஆவது, 'காட்சித் தொடர்பு'. அதில் ஸ்கிராட்ச் இருக்கிறது. அசைவூட்டமும் விளையாட்டும் செய்யப் பயன்படும் மென்பொருள் என்று அறிமுகம், மேடை, உருவம், நிரல் எழுதும் இடம் என்று பகுதிகளின் பெயர்கள், பிறகு பயிற்சி வினாக்கள். அசைவூட்டம் செய்ய உதவும் மென்பொருள் எது என்று நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வி. நிரலை எங்கே திருத்துவோம் என்ற கேள்விக்கும் நான்கு விடைகள்.

சும்மா சொல்லக்கூடாது, இந்தப் பாடத்தை வைத்தவர்களின் நோக்கம் நல்லது. தமிழ்வழியில் பத்தாவது படிக்கிற ஒவ்வொருவர் கையிலும் விளையாட்டு செய்யும் கருவியின் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள், இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் தேர்வு என்ற இயந்திரம் அதை என்ன செய்தது? முகப்பின் பகுதிகளை மனப்பாடமாக்கியது. 'நிரலை எங்கே திருத்துவோம்' என்பது திருத்திப் பார்க்கிறவருக்குக் கேள்வியே அல்ல, கைக்குத் தெரியும். திருத்தாமலே பதில் சொல்ல வேண்டியவருக்குத்தான் அது ஒரு மதிப்பெண். 2019 முதல் பள்ளிகளில் 'ஹைடெக் லேப்' வந்திருக்கிறது. அந்தக் கணினிகளில் மதிப்பீட்டுத் தேர்வுகளும் நடக்கின்றன. லேப்பின் சாவி தலைமையாசிரியர் அறையில் தொங்கினால், மறுபடியும் சாவித் துவாரம்தான். கருவியின் முகப்பு திரையோடு முடிந்துவிடுவதில்லை, அறைக்கதவு வரை நீள்கிறது.

*

ஓசூரில் எளிதாகக் கற்கக்கூடிய ஒரு நிரல் முகப்பு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, ஸ்கிராட்ச்சுக்கு வெகு முன்பிருந்தே. பிஎல்சி என்று ஐடிஐ மாணவர்கள் சொல்கிற கட்டுப்பாட்டுக் கருவியின் 'லேடர்', ஏணிப்படம். இதன் பிறப்பைச் சொல்ல வேண்டும். 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், தன் கியர்பெட்டி ஆலையில் ஒவ்வொரு முறை மாடல் மாறும்போதும் ரிலே பலகைகளின் ஒயர்களைப் பிடுங்கி மறுபடி இணைப்பது கட்டுப்படியாகவில்லை என்று, மாற்றாக ஒரு மின்னணுக் கருவி கேட்டது. டிக் மார்லி இருந்த குழு அதைச் செய்து கொடுத்தது. மோடிகான் 084 என்று 1969இல் வந்தது. அதற்கு நிரல் எழுதப் புதிய கணினி மொழி எதையும் அவர்கள் திணிக்கவில்லை. எலக்ட்ரீஷியன்கள் ஏற்கெனவே படித்துப் பழகிய ரிலே சுற்றுப்படத்தின் உருவத்தையே திரைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு செங்குத்துக் கோடுகள், நடுவே படிகள், படியில் இடதுபக்கம் தொடர்புகள், வலதுபக்கக் கடைசியில் காயில்.

இதன் எளிமை எந்த வகையானது என்று கவனியுங்கள். 'உனக்கு ஒன்றும் தெரியாது, கட்டை அடுக்கு' என்கிற எளிமை அல்ல. 'உனக்கு ஒன்று தெரியும், அதையே இங்கே செய்' என்கிற எளிமை. முதலாவது, தொடக்கநிலையாளர் என்று ஓர் ஆளைக் கற்பனை செய்கிறது: வெறும் பலகை, பெரும்பாலும் குழந்தை. இரண்டாவது, வேறொரு துறையில் தேர்ந்தவரை அந்தத் தேர்ச்சியோடு வரவேற்கிறது.

ஏணிப்படத்தின் முதல் பாடம் மோட்டாரை ஓடவிட்டு நிறுத்துவது. ஸ்டார்ட் பொத்தானை அமுக்கி விட்டுவிடுகிறோம், மோட்டார் தொடர்ந்து ஓட வேண்டும். எப்படி? காயிலின் சொந்தத் தொடர்பையே ஸ்டார்ட்டுக்கு இணையாகப் போடுகிறோம். ஒருமுறை காயில் உயிர்பெற்றதும் அதன் தொடர்பு மூடிக்கொள்கிறது, பொத்தானில் இருந்து கையெடுத்தாலும் மின்சாரம் அந்த வழியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஸ்டாப் பொத்தான் தொடரில், சாதாரணமாக மூடிய நிலையில் இருக்கும். அதை அமுக்கினால் வழி அறுந்து எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். 'தாங்கல்' என்று இதைச் சொல்லலாம், பட்டறையில் 'லேட்ச்', 'ஹோல்டிங்' என்பார்கள்.

இனி ஒரு விளையாட்டைப் பாருங்கள். பாத்திரம் தரையில் கிடக்கும் சாவியைத் தொடுகிறது. தொட்டது ஒரு கணம்தான், ஆனால் 'சாவி எடுத்தாச்சு' என்ற நிலை கதவு வரை தாங்க வேண்டும். பாத்திரம் செத்தால் அந்த நிலை அறுந்து, ஆட்டம் முதலில் இருந்து தொடங்க வேண்டும். இது அப்படியே மோட்டார் சுற்று. எதிரிக்கு விழித்திருக்கும் நிலை, உறங்கும் நிலை; கதவு; நேரக்கணக்கு; எண்ணிக்கை. விளையாட்டுக்கு வேண்டிய டைமரும் கவுண்டரும் பிஎல்சியிலும் உண்டு. கன்வேயரில் டப்பா வருகிறதா என்று சென்சாரைப் பார்த்து நிரல் எழுதிய ஐடிஐ பெண், விளையாட்டு நிரலாக்கத்தில் பாதியை ஏற்கெனவே படித்துவிட்டார். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். டாடா டெக்னாலஜிஸுடன் 2022இல் போட்ட ஒப்பந்தத்தின்படி 71 அரசு ஐடிஐக்களைத் தமிழ்நாடு அரசு ரோபோ, தானியங்கி இயந்திரங்களோடு தரமுயர்த்தியது. அங்கே உள்ள கருவிகளில் பாதி, விளையாட்டு செய்வதற்கான பயிற்சிக்கூடங்கள் என்று நான் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஏணிப்படத்தைக் கொண்டாடவும் எனக்கு இஷ்டமில்லை. அது ஜெனரல் மோட்டார்ஸின் செலவைக் குறைக்கப் பிறந்தது, தொழிலாளியை விடுவிக்க அல்ல. எலக்ட்ரீஷியனின் படிப்பறிவை மதித்த அதே கருவி, வரிசையில் நிற்கும் தொழிலாளியை நொடிக்கணக்கில் அளக்கவும் உதவுகிறது. ஒரு முகப்பு ஒருவருக்குத் திறந்தும் இன்னொருவருக்கு மூடியும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். நம்மிடையே 'தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா' என்று கட்சி பிரிந்து பேசுகிறவர்கள் இந்த இரட்டைத்தன்மையை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

*

இன்னொரு பழைய கருவியையும் சொல்லிவிட வேண்டும். 1987இல் ஆப்பிள் வெளியிட்ட ஹைப்பர்கார்டு. அட்டைகளை அடுக்கி, பொத்தான் வைத்து, ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குத் தாவச் செய்யலாம். 1993இல் வந்து உலகமெங்கும் விற்ற 'மிஸ்ட்' என்ற விளையாட்டு இதில்தான் முதலில் செய்யப்பட்டது. இதன் முகப்பில் பயனாளருக்கு ஐந்து படிகள் இருந்தன: பார்ப்பது, தட்டெழுதுவது, வரைவது, அமைப்பது, நிரலெழுதுவது. முதல் படியில் நிற்கும் வாசகருக்கும் ஐந்தாவதில் நிற்கும் ஆசிரியருக்கும் ஒரே பொருள்தான், நடுவில் சுவர் இல்லை, ஏணிதான். பார்த்தின் 'ஆசிரியனின் மரணம்' பற்றி நாம் இதழ் இதழாக எழுதிக்கொண்டிருந்த காலத்தில், வாசகர் ஆசிரியராக ஏறிப்போகும் ஏணியை ஒருவர், பில் அட்கின்சன், ஒரு மென்பொருளுக்குள் வைத்திருந்தார். பின்னால் என்ன ஆயிற்று? கணினியோடு இலவசமாக வந்த பிரதியில் மேல்படிகள் மறைக்கப்பட்டன. முழுப் பிரதியைத் தனியே விலைக்கு விற்றார்கள். 2004இல் விற்பனையே நின்றது.

யூனிட்டியின் கதை இன்னும் சமீபத்தியது. விளையாட்டு ஆக்கத்தை ஜனநாயகப்படுத்துவோம் என்பது அதன் முழக்கம். அதை நம்பி இலட்சக்கணக்கானவர்கள் அதில் கற்று, அதிலேயே பிழைத்தார்கள். 2023 செப்டம்பரில் திடீரென்று, ஒரு எல்லைக்கு மேல் ஒவ்வொரு முறை விளையாட்டு நிறுவப்படும்போதும் எங்களுக்குக் கட்டணம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, அடுத்த மாதமே தலைமை நிர்வாகி வெளியேறினார், ஓராண்டு கழித்துக் கட்டணத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனாலும் பாடம் நின்றுவிட்டது: எளிய முகப்பின் பின்னால் உரிமம் என்று ஒரு சாவித் துவாரம் இருக்கிறது, அது நம் பக்கம் இல்லை. அந்த மாதங்களில் பலர் கோடோ பக்கம் நகர்ந்தார்கள். அர்ஜென்டினாவில் உருவாகி, 2014இல் மூலநிரலோடு திறந்துவிடப்பட்ட கருவி அது. எவரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், முகப்பைத் தமிழாக்கலாம், யாரும் பில் அனுப்ப மாட்டார்கள். முதல்நாள் கற்க ஸ்கிராட்ச் அளவுக்கு எளிதல்ல. ஆனால் பத்தாம் ஆண்டும் நம் கையில் இருக்கும். எளிமையை முதல் ஒரு மணி நேரத்தை வைத்து மட்டும் அளப்பது விற்பனையாளரின் அளவுகோல்.

*

இப்போது எதிர்பார்க்கப்படும் கருவிக்கு வருகிறேன். 2025 பிப்ரவரியில் ஆந்த்ரே கார்பதி 'வைப் கோடிங்' என்று ஒரு பெயர் வைத்தார். நிரலைப் பார்க்கவே வேண்டாம், என்ன வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவிடம் சொல்லு, வந்ததை ஓட்டு, பிழை வந்தால் பிழையையே திருப்பி ஒட்டு. விளையாட்டுக் கருவிகள் இந்தத் திசையில்தான் போகின்றன. கட்டைகளும் மரங்களும் பட்டியல்களும் மறைந்து ஒரு வெற்றுப்பெட்டி மட்டும் மிஞ்சும்.

இதில் உண்மையான லாபம் ஒன்று இருக்கிறது, இகழ்ந்துவிடக் கூடாது. முதல்முறையாகக் கணினி பேச்சுத் தமிழைக் கேட்கிறது. "புலி ஆட்டைத் தாண்டினா ஆடு காணாமப் போகணும்" என்று தட்டினால் ஏதோ ஒன்று வருகிறது. இத்தனை நாள் ஆங்கில எழுத்துகளின் முன்னால் தயங்கி நின்றவருக்கு இது கதவு திறந்த மாதிரிதான். ஆனால் கேட்டு வாங்குவதும் செய்வதும் ஒன்றல்ல. வந்தது தவறாக இருந்தால் மறுபடி கேட்க வேண்டும். மூன்றாம் முறை கேட்கும்போது கெஞ்சலாகிவிடும், பத்தாம் முறை மாதச் சந்தா தீர்ந்துவிடும். உள்ளே நிரல் இருக்கிறது, திறந்தும் பார்க்கலாம், யாரும் பூட்டவில்லை. படிக்கத் தெரியாதவர் முன்னால் விரித்துவைத்த புத்தகத்துக்குப் பூட்டு எதற்கு? நிரந்தரத் தொடக்கநிலையாளரை உற்பத்தி செய்யும் முகப்பு இது. நோபிள் சொன்ன இரண்டு வழிகளில் இது எது என்று யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. பதிவுசெய்து திருப்பி ஓட்டுவதுதான். கோடிக்கணக்கானவர்கள் எழுதிப் பொதுவில் வைத்த நிரல்களின் அசைவுகளைப் பதிந்துகொண்டு ஓட்டுகிறது. ஆனால் பதியக் கொடுத்தவர்கள் யாரும் கடைசலறையில் இல்லை, நாடாவும் அவர்களுடையதில்லை.

வெற்றுப்பெட்டி நடுநிலையானது என்பதும் பொய். ஆடுபுலி ஆட்டத்தை வைத்துச் சோதிக்கலாம். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள். கோயில் கல்தரைகளில் கீறிவைத்திருப்பார்கள். எல்லைப்பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றுக்கும் பொதுவான ஆட்டம், தெலுங்கில் புலி-மேக. ஸ்கிராட்ச்சில் இதைச் செய்யப் போனால் கருவி முரண்டு பிடிக்கும். ஏனென்றால் அதன் மேடை 480க்கு 360 என்ற வெளி. அதில் ஓர் உருவம் x, y என்று அடி அடியாக நகரும். ஓடுவது, மோதுவது, சுடுவது எல்லாம் அதில் இயல்பாக வரும். ஆடுபுலியில் வெளி இல்லை, எந்தப் புள்ளிக்கு எது பக்கம் என்கிற உறவு மட்டும் இருக்கிறது. தனி நாயகன் இல்லை, 15 பேர் சேர்ந்து மூன்று பேரை மடக்க வேண்டும். முறை மாறிமாறி வர வேண்டும். இதையெல்லாம் பட்டியல்களைப் போட்டுச் சுற்றிவளைத்துத்தான் செய்ய முடியும். செய்ய முடியாது என்பதல்ல. கருவி எதை எளிதாக்குகிறதோ அந்த உலகப்பார்வையே இயல்பானதாகத் தோன்றும், மற்றது 'கடினம்' என்ற பெயரில் விளிம்புக்குத் தள்ளப்படும். கிராம்சி 'பொதுப்புத்தி' என்றது இதைத்தான். ஒற்றை வீரன் ஓடிக்கொண்டே எதிரிகளைத் தீர்ப்பது விளையாட்டின் இயல்பு அல்ல, கருவிகளின் முன்முடிவு.

சொல் விஷயமும் இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் நிபந்தனை முன்னால் வந்து 'ஆனால்' பின்னால் வரும். ஆங்கிலத்தின் 'இஃப்' முன்னால் நிற்பதுபோல் அல்லாமல், தமிழ் வாக்கியம் ஓடுகிற திசையிலேயே ஓடுகிறது. இது வெறும் சொல்மாற்றம் அல்ல, தொடரமைப்பைத் தமிழாக்கியது. அங்கேயும் சிக்கல் உண்டு. 'ஆனால்' என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளை 'பட்' என்றுதான் முதலில் படிக்கும். 'ஆச்சுன்னா' என்று வைத்தால் புரியும், ஆனால் மொழிபெயர்ப்புக் குழுவில் அதற்குச் சம்மதம் கிடைக்காது. கட்டளைக் கட்டைகளில் 'நகர்', 'நகரு', 'நகரவும்' மூன்றில் எதைப் போடுவது? 'நகரவும்' அலுவலக அறிவிப்புப் பலகை. 'நகர்' பாடநூல். 'நகரு' என்றால் கட்டையை அடுக்குகிற பிள்ளை தன் வாயால் பொம்மையிடம் சொல்வதாகிறது. யார் யாரிடம் பேசுகிறார் என்பதை அந்த ஓர் உகரம் தீர்மானிக்கிறது. பேச்சுத் தமிழுக்கு எழுத்தில் இடம் கேட்டு நாம் நடத்திய சண்டைகளில் பாதி வேகத்தை இங்கே காட்டியிருந்தால் போதும். அதோடு, ஓசூரில் 'தாய்மொழி முகப்பு' என்றால் தமிழ் மட்டுமா? தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீடுகள் எத்தனை. மொழியை ஒரு சொடுக்கில் மாற்றும்போது அதே விளையாட்டு பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைக்குத் தெலுங்கில் விரிய வேண்டும். கட்டை வகைக் கருவிகளில் இது முடியும், ஏனென்றால் கட்டையின் மேல் உள்ள சொல் வெறும் மேலட்டை. எழுத்து வகை மொழிகளில் இது எளிதல்ல.

கடைசியாக, செல்போன். ஓசூரை அடுத்த திம்ஜேப்பள்ளியில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் வெளிக்கூடுகள் தயாராகின்றன. பெரும்பாலும் இளம்பெண்கள், விடுதிகளில் தங்கி. ஜார்க்கண்ட் வரை போய் ஆள் எடுத்தார்கள். 2024 செப்டம்பரில் அங்கே தீப்பிடித்து உற்பத்தி நின்றபோதுதான் அந்த இடத்தின் பெயரே பலருக்குத் தெரிந்தது. ஷிப்டு முடிந்து படுக்கையில் சாய்கிற அந்தப் பெண்ணின் கையில் இருப்பதும் ஒரு செல்போன்தான், மடிக்கணினி அல்ல. விளையாட்டு செய்யும் கருவிகளில் பெரும்பாலானவை அகலத் திரையையும் எலியையும் கேட்கின்றன. ஸ்கிராட்ச்சேகூடத் தொடுதிரைக்கு வந்தபோது டேப்லெட்டோடு நின்றது. விதிவிலக்குகள் உண்டு. ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வொல்ஃப்காங் ஸ்லானி குழு செய்த பாக்கெட் கோட், செல்போனிலேயே கட்டை அடுக்கி விளையாட்டு செய்யலாம், மூலநிரலும் திறந்தது. 2024இல் வந்த டவுன்போர் என்ற கருவியில் செல்போனால் படம் எடுத்து, அதன் மேல் தொடுமிடம் வைத்து, படத்தில் இருந்து படத்துக்குத் தாவும் விளையாட்டு செய்யலாம், நிரலே வேண்டாம். ஹைப்பர்கார்டின் பேத்தி என்று சொல்லலாம். விடுதி அறை, பேருந்து ஜன்னல், மெஸ் வரிசை என்று பத்துப் படம் எடுத்தால், அந்தப் பெண்ணின் ஒரு நாள் ஒரு விளையாட்டாகிவிடும். ஆலை வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் உள்ளே எடுத்த படம் மட்டும் அதில் இருக்காது. அந்த இடத்தில் ஒரு கறுப்பு அட்டையை வைத்துவிட்டு, அதைத் தொட்டால் எட்டு மணி நேரம் கழியும் என்று அவர் விதி எழுதலாம்.